வீடு சார்லட்டில், 7 மாத வேலை நியூஜெர்சியில்: நான் எந்த மாநிலத்து ரெசிடென்ட்?

காவிரிக்கரையான் | பிப்ரவரி 8, இரவு 10.40

வணக்கம். நாலு நாளாக டாக்ஸ் சாஃப்ட்வேரைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

வட கரோலினா மாநிலம் சார்லட்டில் ஆறு வருடமாக இருக்கிறோம். எனக்கு எச்-1பி வேலை விசா. மனைவிக்கு அதைச் சார்ந்த எச்-4, வேலைக்குப் போகவில்லை. பையன் இரண்டாம் வகுப்பு. 2025 ஏப்ரல் தொடக்கத்தில் என் கன்சல்டன்சி என்னை நியூஜெர்சிக்கு, ஜெர்சி சிட்டியில் இருக்கும் ஒரு கிளையன்டிடம் அனுப்பியது. அக்டோபர் முடிய அங்கே வேலை. இன்னொரு தமிழ்ப் பையனோடு சேர்ந்து ஒரு அபார்ட்மென்ட்டில் மாத வாடகைக்கு அறை எடுத்துத் தங்கினேன். வீடு, கார், குடும்பம் எல்லாம் சார்லட்டிலேயே இருந்தன. நவம்பரிலிருந்து மறுபடியும் சார்லட் ஆபீஸ்தான்.

இப்போது டபிள்யூ-2 (வருடச் சம்பளமும் வரிப் பிடித்தமும் காட்டி கம்பெனி தரும் படிவம்) வந்திருக்கிறது. பெட்டி 1இல் 1,20,000 டாலர். கீழே மாநிலப் பகுதியில் இரண்டு வரிகள். முதல் வரியில் வட கரோலினா: சம்பளம் 1,20,000, பிடித்தம் 2,500. அடுத்த வரியில் நியூஜெர்சி: சம்பளம் 70,000, பிடித்தம் 2,900. கூட்டினால் 1,90,000 வருகிறது. நான் வாங்காத 70,000க்கும் வரி கட்ட வேண்டுமா? எச்ஆரிடம் கேட்டால் "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்கிறார்கள்.

அங்கே 183 நாளுக்கு மேல் இருந்துவிட்டேன். அப்படியானால் நான் நியூஜெர்சி ரெசிடென்ட்டா? பார்ட்-இயர், அதாவது வருடத்தில் கொஞ்ச காலம் மட்டும் ரெசிடென்ட், என்று இரண்டு பக்கமும் போட வேண்டுமா?

ஹூஸ்டன்காரன் | பிப்ரவரி 8, இரவு 11.15

183 நாள் தாண்டினால் அந்த மாநிலத்து ரெசிடென்ட் என்றுதான் எங்கள் டீமில் எல்லோரும் சொல்வார்கள். அதனால் நியூஜெர்சியில் ரெசிடென்ட் ரிட்டன், வட கரோலினாவில் நான்-ரெசிடென்ட் ரிட்டன். எனக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி இருக்கிறது, பிறகு கேட்கிறேன்.

மலைக்கோட்டை | பிப்ரவரி 9, காலை 6.50

ஹூஸ்டன் நண்பர் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த யோசனைப்படி போட்டால் இரண்டு மாநிலத்திலும் தப்பாகிவிடும். ஒன்பது வருடமாக வரி சீசனில் எங்கள் ஊர் நூலகத்தில் வீட்டா என்ற இலவச வரி உதவித் திட்டத்தில் தன்னார்வலராக உட்கார்கிறேன். நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது இந்த 183 என்ற எண்ணில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாள் கணக்குக்கு முன்னால் பார்க்க வேண்டியது டொமிசைல். எந்த ஊரை உங்கள் வீடு என்று வைத்திருக்கிறீர்கள், எங்கே போனாலும் எங்கே திரும்பி வருவதாக இருக்கிறீர்கள் என்பதுதான் அது. ஒரு டொமிசைலை விட்டு இன்னொன்றைப் பிடித்தால்தான் அது மாறும். வேலைக்காகக் கொஞ்ச காலம் வெளியே தங்கினால் மாறாது. உங்கள் மனைவி சார்லட்டில், பையன் பள்ளி சார்லட்டில், லைசென்ஸ் வட கரோலினா, வேலை முடிந்ததும் திரும்பியும் வந்துவிட்டீர்கள். நீங்கள் வருடம் முழுக்க வட கரோலினா ரெசிடென்ட்.

வட கரோலினாச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, பலர் அதன் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். 183 நாளுக்கு மேல் இந்த மாநிலத்தில் இருந்தவரை, மாறான ஆதாரம் இல்லாத வரை, ரெசிடென்ட் என்று கொள்ளலாம் என்பது முதல் பாதி. 183 நாளுக்கு மேல் வெளியே இருந்தார் என்பதை வைத்து மட்டும் ஒருவர் ரெசிடென்ட் இல்லை என்று கொள்ள முடியாது என்பது அடுத்த பாதி. உங்கள் நிலை அந்த இரண்டாம் பாதியில் இருக்கிறது.

இனி நியூஜெர்சி. அங்கே டொமிசைல் இல்லாத ஒருவர் ரெசிடென்ட் ஆக இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்: 183 நாளுக்கு மேல் தங்கல், அதோடு அந்த மாநிலத்தில் ஒரு நிரந்தர வீடு. ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காகத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம் நிரந்தர வீடு ஆகாது என்று அவர்களே விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு உதாரணமாகச் சொல்வதே தற்காலிக வேலை நியமனத்தைத்தான். நீங்கள் எடுத்த அறை அப்படியே இதில் வருகிறது. ஆகவே நாள் கணக்கு 183ஐத் தாண்டினாலும் நீங்கள் அங்கே நான்-ரெசிடென்ட்தான். பார்ட்-இயர் என்பது குடிபெயர்ந்தவர்களுக்கு, நீங்கள் குடிபெயரவில்லை.

1,90,000ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த இரண்டு வரிகளைக் கூட்டவே கூடாது. சொந்த மாநிலம் உங்கள் முழுச் சம்பளத்துக்கும் வரி போடலாம், அதனால் 1,20,000. வேலை பார்த்த மாநிலம் அங்கே உழைத்துச் சம்பாதித்ததற்கு மட்டும் போடலாம், அதனால் 70,000. அந்த 70,000 இந்த 1,20,000க்குள்ளேயே இருக்கிறது. ஒரே பணத்துக்கு இரண்டு தடவை வரி விழாமல் இருக்க, நியூஜெர்சிக்குக் கட்டியதை வட கரோலினா கிரெடிட்டாகக் கழித்துக்கொடுக்கும்.

வேலைக்குப் போய்விட்டு மாலையில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

பொன்னி | பிப்ரவரி 9, காலை 8.05

ஒரு சின்னச் சேர்க்கை. எல்லா ஜோடி மாநிலத்துக்கும் இரண்டு ரிட்டன் தேவையில்லை. நாங்கள் நியூஜெர்சி செர்ரி ஹில்லில் இருக்கிறோம், கணவருக்குப் பென்சில்வேனியாவில் வேலை. இந்த இரண்டு மாநிலத்துக்கும் இடையே ஒப்பந்தம் இருப்பதால் சம்பளத்துக்குக் குடியிருக்கும் மாநிலத்தில் மட்டும் கட்டினால் போதும். ஆபீஸில் ரெவ்-419 என்ற படிவத்தைக் கொடுத்து பென்சில்வேனியா பிடித்தத்தை நிறுத்தினோம். ஆனால் பிலடெல்பியா நகரத்தின் வேஜ் டாக்ஸுக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது. நகருக்குள் வேலை என்றால் வெளியூர்க்காரருக்கும் சுமார் 3.4 சதவீதம் பிடிப்பார்கள், நியூஜெர்சி ரிட்டனில் அதற்குக் கிரெடிட் உண்டு. இல்லினாயும் அக்கம்பக்கத்து விஸ்கான்சின், அயோவா, மிச்சிகன், கென்டகியோடு இப்படி வைத்திருக்கிறது. வட கரோலினாவுக்கும் நியூஜெர்சிக்கும் அப்படி எதுவும் இல்லை.

மலைக்கோட்டை | பிப்ரவரி 9, மாலை 7.30

கணக்கு இதோ. ஜாயின்ட் ரிட்டன், வேறு வருமானம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். எளிமைக்காகப் பையனுக்கான கழிவை இரண்டு பக்கமும் சேர்க்கவில்லை.

முதலில் நியூஜெர்சி நான்-ரெசிடென்ட் ரிட்டன், என்ஜே-1040என்ஆர். அவர்கள் முதலில் உங்கள் முழு வருமானத்தையும் எடுத்து, நீங்கள் அங்கேயே வசித்தால் எவ்வளவு வரி வரும் என்று பார்ப்பார்கள். 1,20,000இல் இருவருக்குமான விலக்கு 2,000 போனால் 1,18,000. அதற்கு அவர்கள் அடுக்குப்படி சுமார் 3,744 டாலர். இதில் நியூஜெர்சிப் பங்கு மட்டும்: 1,20,000இல் 70,000, அதாவது 58.33 சதவீதம். கட்ட வேண்டியது சுமார் 2,184.

அதை முடித்த பிறகு வட கரோலினாவின் ரிட்டன், டி-400. 1,20,000இல் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 25,500 போனால் 94,500. 2025க்கு 4.25 சதவீதம், 4,016 டாலர். இதில் நியூஜெர்சிச் சம்பளத்தின் பங்கு 2,343. நியூஜெர்சிக்குக் கட்டிய 2,184, இந்த 2,343, இரண்டில் எது குறைவோ அதுதான் கிரெடிட். ஆக 2,184 முழுவதும் கழிகிறது. வட கரோலினாவுக்கு மிச்சம் 1,832.

இரண்டையும் கூட்டுங்கள்: 4,016. வருடம் முழுக்க சார்லட்டிலேயே உட்கார்ந்திருந்தாலும் இதே தொகைதான் வந்திருக்கும்.

வரிசை மாறக் கூடாது. நியூஜெர்சி ரிட்டனை முடிக்காமல் வட கரோலினாவில் கிரெடிட் தொகை கிடைக்காது. அப்புறம், கிரெடிட் பெட்டியில் டபிள்யூ-2 காட்டும் பிடித்தம் 2,900ஐப் போடாதீர்கள். பிடித்தம் என்பது முன்பணம், அதில் ஒரு பகுதி உங்களுக்கே திரும்பி வரப்போகிறது. ரிட்டனில் முடிவாக வந்த வரியைத்தான் போட வேண்டும். நூலகத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் செய்துகொண்டு வரும் தப்பு இதுதான். கிரெடிட் கேட்கும் டி-400டிசி படிவத்தோடு நியூஜெர்சி ரிட்டனின் நகலையும் கட்டியதற்கான சான்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

காவிரிக்கரையான் | பிப்ரவரி 9, இரவு 9.20

அண்ணா, ரொம்ப நன்றி. இரண்டு தடவை படித்துவிட்டு மனைவியிடமும் விளக்கினேன். நாலு நாள் கழித்து இன்றைக்குத்தான் நிம்மதி.

இரண்டு சந்தேகம் மட்டும். நாம் இருப்பதே தற்காலிக விசாவில். டொமிசைல் என்று கேட்டால் "என் வீடு கும்பகோணம்" என்று ஒருவர் சொல்ல முடியாதா? இன்னொன்று, அந்த ஏழு மாதத்திலும் நான் முழுக்க அங்கே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வியாழன் இரவு நூவர்க்கிலிருந்து சார்லட் வருவேன். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை, சில சமயம் திங்களும். அந்த நாட்களின் சம்பளமும் நியூஜெர்சிக்குச் சேருமா?

மலைக்கோட்டை | பிப்ரவரி 10, காலை 6.30

கும்பகோணம் உங்கள் மனதில் இருக்கலாம் தம்பி, ஆனால் தற்காலிகமோ இடைவழியோ அல்லாத நோக்கத்துக்காக இங்கே வசிப்பவரும் வட கரோலினாச் சட்டப்படி ரெசிடென்ட்தான். ஆறு வருடம் குடித்தனம், வேலை, பிள்ளையின் பள்ளி என்று இருப்பது அதில் அடங்கும். விசா முத்திரை அதை மாற்றாது. ஃபெடரலில் நாம் பார்க்கும் சப்ஸ்டான்ஷியல் பிரசென்ஸ், அதாவது அமெரிக்காவில் எத்தனை நாள் இருந்தோம் என்ற கணக்கு வேறு, மாநில ரெசிடென்சி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் 183 எல்லா இடத்திலும் வந்து நிற்கிறது.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. சார்லட் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்த நாள் நியூஜெர்சியில் சம்பாதித்த நாள் ஆகாது. எச்ஆர் 12இல் 7 என்று மாதக் கணக்கில் 70,000 போட்டிருக்கிறார்கள். சரியான முறை வேலை நாள் கணக்கு: வருடத்தில் வேலை பார்த்த மொத்த நாட்கள் கீழே, நியூஜெர்சி மண்ணில் வேலை பார்த்த நாட்கள் மேலே. சனி ஞாயிறு, விடுமுறை, லீவு எதுவும் சேராது.

காலண்டரை எடுத்து எண்ணுங்கள். எண்ணியதும் திருத்திய டபிள்யூ-2சி கேளுங்கள். டபிள்யூ-2இல் ஒரு எண், ரிட்டனில் வேறொரு எண் என்றால் அங்கிருந்து கடிதம் வரும்.

வழிப்போக்கன் | பிப்ரவரி 10, மதியம் 12.10

இதே நியூயார்க் ஆபீஸாக இருந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமைகள் தப்பியிருக்காது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். நியூயார்க்கில் "முதலாளியின் வசதி" என்று ஒரு விதி. முதலாளிக்குத் தேவை என்பதால் இல்லாமல் உங்கள் வசதிக்காக வெளிமாநில வீட்டில் இருந்து வேலை பார்த்தால் அந்த நாளும் நியூயார்க் நாள். ஹக்கபி வழக்கில் 2005இல் அந்த மாநிலத்தின் உச்ச மன்றம் இதை உறுதி செய்தது. டென்னஸியில் வீட்டிலிருந்து நிரல் எழுதியவர் ஹக்கபி, வேலை நேரத்தில் கால் பங்குதான் நியூயார்க்கில். ஆனாலும் முழுச் சம்பளத்துக்கும் வரி. நான்குக்கு மூன்று என்ற தீர்ப்பு. டென்னஸியில் சம்பளத்துக்கு வரியே இல்லை என்பதால் கிரெடிட் என்ற பேச்சுக்கும் இடமில்லை. எனக்கு இன்றுவரை அந்தத் தீர்ப்பு நியாயமாகப் படவில்லை.

நியூஜெர்சியும் 2023 முதல் இப்படி ஒரு விதி வைத்திருக்கிறது. ஆனால் அதே விதி இருக்கும் மாநிலத்தவர் மீது மட்டும்தான் அது பாயும். வட கரோலினாவில் அந்த விதி இல்லை, அதனால் இழை தொடங்கிய நண்பருக்குக் கவலையில்லை.

வரிக்கு வெளியே ஒன்று. எச்-1பியில் சார்லட்டிலிருந்து ஜெர்சி சிட்டி என்றால் வேலை இடம் வேறு வட்டாரத்துக்கே மாறுகிறது. எச்-1பி வேலை இடம் பற்றிய 2015 சிமியோ தீர்ப்புக்குப் பிறகு இப்படி நீண்ட மாற்றத்துக்குத் திருத்த மனு கட்டாயம். கன்சல்டன்சி போட்டதா என்று பாருங்கள். டபிள்யூ-2இல் ஒரு மாநிலம், மனுவில் இன்னொரு மாநிலம் என்றால் பின்னால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

காவிரிக்கரையான் | பிப்ரவரி 10, மதியம் 1.00

மார்ச்சிலேயே போட்டார்கள், ரசீது என்னிடம் இருக்கிறது.

தாமிரபரணி | பிப்ரவரி 11, இரவு 9.45

வேலை பார்த்த மாநிலத்தில் ரிட்டனே போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது, மாநிலப் பெயர்கள் வேண்டாம்.

2019இல் கணவர் ஐந்து மாதம் வெளிமாநிலத்தில் வேலை பார்த்தார். கம்பெனி அந்த மாநிலத்துக்குப் பிடித்தம் செய்யவே இல்லை, முழுதும் சொந்த மாநிலத்துக்கே போயிற்று. ரிட்டன் போட்டுக் கொடுத்தவரும் "பிடித்தம் இல்லையென்றால் அங்கே ரிட்டன் தேவையில்லை" என்றார். நம்பினோம். 2023இல் தீபாவளி முடிந்த வாரம் ஒரு தடித்த உறை வந்தது. கதவருகே நின்றபடியே பிரித்தேன். வரி, அபராதம், நாலு வருட வட்டி எல்லாம் சேர்த்து ஒரு தொகை, கட்ட முப்பது நாள். அன்றைக்கு அடுப்பில் குழம்பு தீய்ந்தது கூட எனக்குத் தெரியவில்லை.

பணம் கூடப் பரவாயில்லை. சொந்த மாநிலத்தில் கிரெடிட் கேட்டுத் திருத்த ரிட்டன் போடலாம் என்று போனால், ரீஃபண்ட் கேட்கும் மூன்று வருடக் கெடு முடிந்துவிட்டது. ரிட்டனே போடாத மாநிலத்துக்குக் கெடு கிடையாது, எத்தனை வருடம் கழித்தும் கேட்கலாம். திருப்பிக் கேட்கும் நமக்கு மட்டும் கெடு. ஒரே சம்பளத்துக்கு இரண்டு மாநிலத்திலும் முழு வரி கட்டினோம்.

கொஞ்சம் காப்பாற்றியது போர்டிங் பாஸ்கள். அவர் போய்வந்த ஒவ்வொன்றையும் முறுக்கு வைக்கும் தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தேன், காரணமே இல்லாமல். அதை வைத்து வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களைக் காட்டியதில் அவர்கள் கேட்ட வரி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. காவிரிக்கரையான் தம்பி, உங்கள் வியாழக்கிழமை டிக்கெட்டுகளை அழித்துவிடாதீர்கள்.

மலைக்கோட்டை | பிப்ரவரி 11, இரவு 10.30

அக்கா, படிக்கவே வருத்தமாக இருக்கிறது. பிடித்தம் இல்லை என்பதும் வரி இல்லை என்பதும் வேறு வேறு என்பதை அவர் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நியூயார்க்கையே பாருங்கள், 14 நாள் வரை என்றால் முதலாளி பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் தொழிலாளியின் வரிப்பொறுப்பு முதல் நாளிலிருந்தே உண்டு.

ஹூஸ்டன்காரன் | பிப்ரவரி 13, காலை 7.15

முதலில் தவறாகச் சொன்னதற்கு மன்னியுங்கள். இப்போது என் கேள்வி. ஹூஸ்டனில் வீடு, குடும்பம். மார்ச் முதல் டிசம்பர் வரை கலிஃபோர்னியா சான் ஹோசேயில் வேலை. டெக்ஸஸில் மாநில வருமான வரியே இல்லை. நான் டெக்ஸஸ் ரெசிடென்ட் என்று நிரூபித்தால் கலிஃபோர்னியாவுக்குக் கட்ட வேண்டாம்தானே?

மலைக்கோட்டை | பிப்ரவரி 13, மாலை 8.00

கட்ட வேண்டும். நான்-ரெசிடென்ட்டாக 540என்ஆர் போட்டு, அங்கே வேலை பார்த்த நாட்களின் சம்பளத்துக்குக் கட்ட வேண்டும். வரி விகிதத்தையும் உங்கள் மொத்த வருமானத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். டெக்ஸஸ் உங்களிடம் எதுவும் வாங்காததால் கழித்துக்கொடுக்கவும் அங்கே எதுவும் இல்லை. காவிரிக்கரையானுக்குக் கடைசியில் செலவு ஒன்றாக முடிந்தது, உங்களுக்கு அது முழுக்கக் கூடுதல் செலவு. எனவே பேச வேண்டிய நேரம் இப்போதுதான். கையெழுத்துப் போடும் முன் இந்த வரியைச் சொல்லி சம்பளத்தைக் கூட்டிக் கேளுங்கள். மார்ச் பிறந்துவிட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

ரெசிடென்ட் இல்லை என்று காட்டுவது அப்போதும் முக்கியம், அதன் பலன் வேறு இடத்தில். ஒரு வரி வருடத்தில் ஒன்பது மாதத்துக்கு மேல் அங்கே இருந்தால் கலிஃபோர்னியா உங்களை ரெசிடென்ட் என்று அனுமானிக்கும். மறுக்கலாம், ஆனால் ஆதாரம் காட்டும் பொறுப்பு உங்களுடையது. ரெசிடென்ட் என்று ஆகிவிட்டால் சம்பளத்தோடு நிற்காது. ஊரில் போட்ட என்ஆர்இ டெபாசிட் வட்டி, கோயம்புத்தூர் வீட்டு வாடகை எல்லாம் அவர்கள் வலைக்குள் வரும். இந்தியாவில் என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லை என்பது இங்கே செல்லாது. குடும்பத்தையும் கூட்டிப்போய்ப் பிள்ளைகளை அங்கே பள்ளியில் சேர்த்து, ஹூஸ்டன் வீட்டையும் வாடகைக்கு விட்டால், தற்காலிகம் என்ற வாதம் நிற்காது. வேலை எப்போது முடியும் என்ற தேதி கடிதத்தில் இருக்கட்டும்.

மனைவியும் சம்பாதிக்கிறார் என்றால் ஒரு நல்ல சிபிஏவை (கணக்கு ஆடிட்டரை) பாருங்கள். டெக்ஸஸ், கலிஃபோர்னியா இரண்டுமே தம்பதியின் சம்பளத்தைப் பொதுச்சொத்தாகப் பார்க்கும் மாநிலங்கள், அந்தக் கணக்கு இங்கே எழுதி முடியாது.

வழிப்போக்கன் | பிப்ரவரி 13, இரவு 9.10

ஹூஸ்டன் நண்பருக்குத் தங்கும் செலவுக்குப் பெர் டீம் (தினப்படி) கொடுத்தால் இதையும் கவனியுங்கள். ஒரு வருடமோ அதற்குக் குறைவோ என்று எதிர்பார்க்கும் வேலைக்குத்தான் ஃபெடரலில் அது வரியில்லாப் பணம். நடுவில் புராஜெக்ட்டை நீட்டி, ஒரு வருடம் தாண்டும் என்று தெரிந்த நாளிலிருந்தே அது சம்பளம் மாதிரி வரிக்குள் வந்துவிடும்.

காவிரிக்கரையான் | மார்ச் 21, மாலை 6.20

முடித்துவிட்டேன். பின்னால் தேடி வருபவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

2025இல் மொத்த வேலை நாட்கள் 261. ஆபீஸ் விடுமுறை 10, என் லீவு 16 போனால் 235. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 142 நாள் வேலை, அதில் 22 நாள் சார்லட் வீட்டிலிருந்து. ஆக நியூஜெர்சி நாட்கள் 120. விமான டிக்கெட்டையும் டைம்ஷீட்டையும் பக்கத்தில் வைத்து நானும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எண்ணினோம். எச்ஆருக்கு மூன்று மெயில் அனுப்பிய பிறகு டபிள்யூ-2சி வந்தது. நியூஜெர்சிச் சம்பளம் 70,000 என்பது 61,277 ஆனது.

அண்ணா போட்ட அதே முறையில், பையனுக்கான கழிவைச் சேர்க்காமல் சொல்கிறேன்: நியூஜெர்சி வரி 1,912, திரும்பி வருவது 988. வட கரோலினா 4,016இல் 1,912 கழிந்து 2,104, திரும்பி வருவது 396. மொத்தம் அதே 4,016தான். நாட்கள் குறைந்ததால் என் பையில் எதுவும் கூடவில்லை, ஒரு மாநிலத்துக்குப் போக வேண்டியது இன்னொன்றுக்குப் போயிற்று, அவ்வளவுதான். பையனுக்கான கழிவு சேர்ந்ததில் இரண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் கூடவே வருகிறது. நியூஜெர்சி ரீஃபண்ட் நேற்று கணக்கில் விழுந்தது.

தாமிரபரணி அக்கா, டிக்கெட்டுகள் எல்லாம் பிரின்ட் எடுத்து ஒரு கவரில் போட்டாயிற்று. டபிள்யூ-2சியும் அதே கவரில்.

ஹூஸ்டன்காரன் | மார்ச் 22, காலை 8.40

வாழ்த்துகள் நண்பரே. நான் சான் ஹோசே வந்து மூன்று வாரம் ஆகிறது. கடிதத்தில் டிசம்பர் 18 என்று முடிவுத் தேதி போட்டு வாங்கிவிட்டேன். சம்பளத்தில் கேட்டதில் பாதி கொடுத்தார்கள். முதல் போர்டிங் பாஸ் பர்ஸில் இருக்கிறது.